அரண்மனையில் ஒரு விசில்

"கொலை நடந்திருந்தாகூட நான் இவ்வளவு பதறியிருக்க மாட்டேன் சார்" என்றார் நூலகக்காரம்மா.

"கொலைன்னா எங்களுக்கும் கொஞ்சம் கௌரவமா இருந்திருக்கும்" என்றாள் வால்.

துப்பறிவாளர் கமா அவளை ஒரு பார்வை பார்த்தார். அவர் பல வருடம் ஒரு பதிப்பகத்தில் பிழை திருத்துபவராக இருந்தவர். பேச்சின் நடுவே சட்டென்று நிறுத்திவிடுவார். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் எதிரே இருப்பவர்கள் மீதியைத் தாங்களே கொட்டிவிடுவார்கள். அவருடைய வழக்குகளில் பாதி அப்படித்தான் முடிந்தன. பட்டப்பெயரும் அப்படித்தான் வந்தது. வால் அவருடைய உதவியாளர். மொழிபெயர்ப்பு நாவல் எது கிடைத்தாலும் சாப்பாட்டை மறந்து படிக்கிறவள். பிறந்ததிலிருந்து பனியைப் பார்த்ததில்லை. ஆனால் பனியில் வழுக்காமல் எப்படி ஓடுவது என்று கேட்டால் அரை மணி நேரம் விளக்குவாள்.

"காணாமப் போனது ஒரே புத்தகம்" என்றார் கமா. "அதுவும்..."

"நாலு பிரதி சார்! நாலும்!" நூலகக்காரம்மா காலியாகக் கிடந்த மேஜையைத் தட்டினார். "வருஷக் கடைசியில எங்க பல் டாக்டர் இங்க வந்து பேசுவாங்க. அந்த வருஷம் தனக்குப் பிடிச்ச காதல் நாவல் ஒண்ணு, பிடிச்ச சரித்திர மர்ம நாவல் ஒண்ணு. அவங்க சொல்லிட்டா அடுத்த நாள் அந்தப் புத்தகத்துக்கு இங்க அடிதடி நடக்கும். இந்த வருஷம் காதலுக்கு 'உப்புக் காற்றில் ஒரு குடை'. மர்மத்துக்கு 'அரண்மனைக் கடிகாரம் பொய் சொல்கிறது'. நேத்து அந்த மர்ம நாவலோட கடைசி அத்தியாயத்தைப் பத்திப் பேசினாங்க பாருங்க, கூட்டமே எழுந்து நின்னு கை தட்டிச்சு. தட்டி முடிச்சு மேஜைக்கு ஓடிவந்து பார்த்தா, நாலும் இல்ல. பதிப்பகத்துலயும் தீர்ந்துபோச்சாம்."

"காதல் நாவல்?"

"அது ஒரே பிரதி. வெளியில போயிருக்கு. காதல் கதை என்னைக்கு சார் வீடு தங்கிச்சு?"

"மேஜையில கைரேகை எடுக்கலாமா பாஸ்?" என்றாள் வால்.

"எடுத்தா ஊர்ல இருக்கற வாசகர் அத்தனை பேரையும் உள்ளே வைக்கணும்." கமா நூலகக்காரம்மாவிடம் திரும்பினார். "ஒரு புத்தகம்தானே. ஏன் இவ்வளவு அவசரம்?"

நூலகக்காரம்மாவின் குரல் இறங்கியது. "டாக்டருக்கு வலது கண்ணுல ஆபரேஷன் ஆகியிருக்கு சார். வாரக்கணக்கா கட்டு. இடது கண்ணு ஏற்கனவே புகை மூட்டம். அதுக்கும் ஆபரேஷன் பண்ணியாகணும், இல்லைன்னா அது போயிடும். அதுக்கு மட்டும் ஒத்துக்க மாட்டேங்கறாங்க. அவ்வளவு பயம். இன்னைக்குச் சாயங்காலம் கட்டுப் பிரிக்கறாங்க. பிரிச்சதும் முதல்ல அந்தக் கடைசி அத்தியாயத்தைத் தன் கண்ணாலயே படிக்கணுமாம். படிக்க முடிஞ்சா அடுத்த கண்ணுக்குச் சம்மதிக்கறேன்னு சொல்லியிருக்காங்க. நான் கொண்டு வர்றேன்னு வாக்குக் கொடுத்துட்டேன்."

வால் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பாஸ், இது புத்தகத் திருட்டு இல்ல. கண் திருட்டு."

டாக்டர் வீட்டுக் கதவைத் திறந்தவர் டாக்டரின் அக்கா. உயரமாக, இடுப்பில் கை வைத்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"யாரு? எங்க போகணும்?"

"இங்கதான்" என்றாள் வால்.

விஷயத்தைச் சொன்னதும் அவர் முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. "லீவு போட்டு இவளைப் பார்த்துக்கறேன். புத்தகத்தைப் பத்தியெல்லாம் எனக்கு ஒண்ணும் தெரியாது. வாங்க. உள்ள தள்ளி உட்காருங்க, இன்னும் ரெண்டு பேருக்கு இடம் இருக்கு" என்று சோபாவைக் காட்டிவிட்டுச் சமையலறைக்குள் போனார்.

சோபாவில் அவர்கள் இரண்டு பேர்தான் இருந்தார்கள். இருந்தாலும் வால் தன்னையறியாமல் தள்ளி உட்கார்ந்தாள்.

பல் டாக்டர் கருப்புக் கண்ணாடிக்குள் கட்டுடன் சாய்வு நாற்காலியில் இருந்தார். கண்தான் மூடியிருந்தது. மற்றபடி முகம் முழுக்க வெளிச்சம்.

"சிரிக்காதீங்க. 'வாயைத் திறங்க, ஒண்ணும் வலிக்காது'ன்னு தினமும் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். என் கண்ணுப் பக்கத்துல ஊசி வந்தப்போதான் தெரிஞ்சுது, நான் எவ்வளவு பெரிய பொய்க்காரின்னு."

"அந்தக் கடைசி அத்தியாயம்" என்றார் கமா. "அப்படி என்ன..."

"ஐயோ, அதை எப்படிச் சொல்றது!" டாக்டர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி, பனி கொட்டற ஒரு ராஜ்ஜியம். ராணியோட முத்துமாலை காணாமப் போகுது. கண்டுபிடிக்கறவ அரண்மனைத் தையல்காரி. பழி விழறது கடிகாரம் செய்யறவன் மேல. அவளுக்கு அவன்மேல உயிர், ஆனா சொல்ல மாட்டா. கடைசியில மனசு உடைஞ்சு ராணியோட வண்டியில ஏறி ஊரை விட்டே போறா. அப்போ பின்னாடி பனியில ஓடி வர்றான் அவன்! ஓடிவந்து ஒரு விசில். ஒரே விசில்தான். ஆறு குதிரையும் அப்படியே நிக்குது."

வாலின் வாய் திறந்தபடி நின்றது.

"அவன் வண்டியில ஏறறான். உள்ளே ராணியோட தோழிங்க நெருக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. 'கொஞ்சம் உள்ள தள்ளுங்க, இறங்கறவங்களுக்கு வழி விடுங்க'ன்னு எல்லாரையும் நகர்த்திட்டு அவ பக்கத்துல போய் உட்கார்றான். மந்திரி மட்டும் படியில தொங்கறான். அவனைப் பார்த்து, 'படியில நிக்கறவங்களுக்கு நான் பொறுப்பில்ல'ங்கறான். அப்புறம் ரெண்டு விசில். வண்டி கிளம்புது. இந்த வருஷம் முழுக்க நான் கேட்டதுலயே அதுதான் அழகு!"

"கேட்டதுல?" என்றார் கமா.

"ஆமா, கண்ணைக் கட்டிட்டு எப்படிப் படிக்கறது? ரெண்டு நாவலும் கேட்டதுதான்."

"யார் வாசிச்சது?"

சமையலறையில் ஒரு பாத்திரம் விழுந்து உருண்டது.

டாக்டர் சிரித்தார். "அதை மட்டும் கேட்காதீங்க. வெளிய சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன். வேலை முடிஞ்சு களைச்சுப்போய் வருவாங்க. வந்ததும் எனக்கு வாசிப்பாங்க. அப்புறம் லீவே போட்டு வாசிச்சாங்க. தொண்டை கட்டினாக்கூட நிறுத்த மாட்டாங்க. இப்படி ஒருத்தர் கிடைக்க நான் கொடுத்து வச்சிருக்கணும்."

தெருவில் இறங்கியதும் வால் கமாவின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"பாஸ், அது புத்தகத்துல இல்லவே இல்ல! நான் படிச்சிருக்கேன். கடிகாரக்காரனைத் தூக்குல போட்டுடறாங்க. அவ வண்டியில தனியா போறா. பனி பெய்யுது. முடிஞ்சுது. நான் மூணு நாள் தலையணையைப் பிழிஞ்சு காயப்போட்டேன். தூக்குல தொங்கினவன் எப்படி பாஸ் விசில் அடிப்பான்?"

"அப்போ திருடனுக்கு வேண்டியது புத்தகம் இல்ல" என்றார் கமா. "அதோட முடிவு, டாக்டர் கண்ணுல..."

"படக்கூடாது! முடிவை மாத்தி வாசிச்ச ஆள்தான் புத்தகத்தை ஒளிச்சிருக்கார்!"

"யார் அது? அந்த முடிவையே கேட்டுப் பாரு. ஒரு விசிலுக்கு நிக்கும், ரெண்டு விசிலுக்குக் கிளம்பும். உள்ள தள்ளுங்க. இறங்கறவங்களுக்கு வழி விடுங்க. படியில நிக்கறவங்களுக்குப் பொறுப்பில்ல. இது எந்த ராஜ்ஜியத்து வழக்கம் வால்?"

வால் ஒரு கணம் யோசித்தாள். பிறகு நடுத்தெருவில் குதித்தாள்.

"நான் தினமும் ஆபீஸுக்கு வர்ற ராஜ்ஜியம்! பாஸ், பஸ் கண்டக்டர்!"

டிப்போவுக்குப் போகிற வழி முழுக்க அவளுடைய கால் தரையில் பாவவில்லை.

"நினைச்சுப் பாருங்க பாஸ். பகலெல்லாம் நெரிசல், தூசி, சத்தம். ராத்திரி அவளுக்காக ஒரு அரண்மனை. நிஜத்துல சேர்த்துவைக்க முடியாத தன் காதலைக் கதையிலயாவது சேர்த்துவைக்கறான். இதை அப்படியே ஒரு நாவலா எழுதினா..."

"மொழிபெயர்த்து வந்தாத்தான் நீ படிப்பே."

டிப்போவில் பேருந்துகள் வரிசையாக நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. ஓய்வறை பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த கண்டக்டர்களில் தலைமுடியைப் படிய வாரிய ஒருவரை வால் தேர்ந்தெடுத்தாள். நேராகப் போய்க் கேட்டுவிட்டாள்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. நீங்க சாயங்காலத்துல யாருக்காவது காதல் கதை வாசிப்பீங்களா?"

"கரண்ட் பில்லை வாசிச்சாலே வீட்டுல சண்டை வருதும்மா" என்றார் அவர்.

பெஞ்சே குலுங்கியது. இன்னொருவர், "ஊர்ப் பேரை வரிசையாக் கத்தியே என் தொண்டை போச்சு. வீட்டுக்குப் போனா தண்ணி வேணும்னுகூட ஜாடையிலதான் கேக்கறேன்" என்றார். மூன்றாமவர், அரண்மனைக் கதையெல்லாம் வேண்டாம், அரண்மனை பஸ் ஸ்டாப்பில் நிழற்குடை கட்டித் தந்தால் போதும் என்றார். வால் ஒவ்வொருவராக விசாரித்து, ஒவ்வொருவரிடமும் கேலி வாங்கிக்கொண்டு திரும்பினாள். வெயில் சாய ஆரம்பித்திருந்தது.

"என் காதலன் இங்க இல்ல பாஸ்" என்றாள் பரிதாபமாக.

"உன் காதலனா?"

"டாக்டரோட காதலன். எனக்குள்ள கொஞ்சம் கலந்துட்டான்."

கமா நின்றார். "டாக்டர் சொன்னதை ஒரு எழுத்து மாறாமச் சொல்லு."

"வேலை முடிஞ்சு களைச்சுப்போய் வருவாரு. வந்ததும் எனக்கு வாசிப்பாரு..."

"இல்ல."

"என்ன இல்ல?"

"அவங்க 'வாசிப்பாரு'ன்னு சொல்லவே இல்ல. 'வாசிப்பாங்க'ன்னாங்க." கமா தன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "வருவாங்க, வாசிப்பாங்க, நிறுத்த மாட்டாங்க. ஆம்பளைக்கும் அந்த 'ங்க'தான், பொம்பளைக்கும் அந்த 'ங்க'தான். மரியாதைன்னு போர்வை போத்தி, ஆளை உள்ளே ஒளிச்சுட்டாங்க. அதை 'ரு'ன்னு திருத்தினது நீ. அதை அப்படியே விட்டது, இத்தனை வருஷம் பிழை திருத்தின நான்!"

வால் மெதுவாக வாயைப் பொத்திக்கொண்டாள்.

கமா பெஞ்சுப் பக்கம் திரும்பினார். "இந்த டிப்போவுல பெண் கண்டக்டர் யாராவது?"

"ஒருத்தங்க இருக்காங்க" என்றார் படிய வாரியவர். "அவங்க விசிலுக்கு ரயிலே நின்னுடும். லீவுலதான் இருக்காங்க. ஆனா இப்பதான் ஏதோ எடுக்கணும்னு லாக்கர் பக்கம் போனாங்க."

லாக்கர் அறையில் டாக்டரின் அக்கா நின்றிருந்தார். தோளில் கனமான துணிப்பை. லாக்கர் கதவு திறந்திருந்தது. காலடிச் சத்தம் கேட்டதும் அவர் திரும்பிப் பார்க்காமலே, பழக்கத்தில் குரல் கொடுத்தார்.

"எங்க போகணும்?"

"கடைசி அத்தியாயத்துக்கு" என்றார் கமா.

அக்கா பையைக் கீழே வைத்தார். உள்ளே நான்கு அரண்மனைக் கடிகாரங்கள்.

"அப்போ... காதலன் இல்லையா?" என்றாள் வால், கடைசி முயற்சியாக.

"காதலனாம். ஏம்மா, நான் காதல் கதை வாசிக்கறேன்னு இங்க தெரிஞ்சா நாளைக்கு எவனாவது என்கிட்ட டிக்கெட் வாங்குவானா? அதான் அவகிட்ட சத்தியம் வாங்கினேன்." பெஞ்சில் உட்கார்ந்தார். "கண் டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா? குனியக்கூடாது, தும்மக்கூடாது, அழக்கூடாது. அழுதா தையல் கெட்டுடும். தும்மலுக்கு மாத்திரை கொடுத்தார். அழுகைக்கு என்ன கொடுத்தார்? ஒண்ணும் கொடுக்கல. என் தங்கச்சி சோப்பு விளம்பரத்துக்கே அழறவ. நான் வாசிச்சுட்டே அடுத்த பக்கத்தை ஓரக்கண்ணால பார்க்கறேன், எழுதின பாவி மனுஷன் அந்தப் பையனைத் தூக்குல போடப் போறான்! பக்கத்துல இவ என் கையைப் பிடிச்சுட்டுக் கேட்டுட்டு இருக்கா. நான் என்ன பண்ணுவேன்? விசில் அடிச்சேன்."

வால் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இவ்வளவுதானே. அவங்ககிட்ட சொல்லிடலாமே" என்றார் கமா.

"எப்படிச் சொல்றது? கண்ணைக் கட்டிட்டு இருந்தவளுக்கு இத்தனை நாள் உலகமே என் வாய்தான். ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதுன்னு சொன்னதும் நான். தையல் சரியா இருக்குன்னு சொன்னதும் நான். இது பொய்னு தெரிஞ்சா அதுவும் பொய்னு நினைப்பா. அடுத்த கண்ணு பக்கத்துல ஒருத்தரையும் விட மாட்டா. நேத்து அத்தனை பேர் முன்னாடி எழுந்து நின்னு அதையே பேசறா. எல்லாரும் கை தட்டறாங்க. நான் பையில போட்டுட்டேன்."

கமா அவர் எதிரே உட்கார்ந்தார். "டிக்கெட் எடுக்காம ஒருத்தன் ஏறிட்டான். நீங்களாப் பிடிச்சா என்ன பண்ணுவீங்க?"

"இறக்கி விடுவேன்."

"அவனே வந்து, 'எடுக்க மறந்துட்டேன்'னு கையை நீட்டினா..."

அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். "அவளை நூலகக்காரம்மா கூட்டிட்டுப் போயிருப்பாங்க. ஆஸ்பத்திரிக்கு எங்க வண்டியிலயே போலாம். சீக்கிரம் போயிடும்."

கண் மருத்துவமனையில் மருத்துவர் கடைசிச் சுற்றுத் துணியையும் கழற்றினார். பல் டாக்டர் இமையைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். முதலில் அக்காவைப் பார்த்தார். பிறகு சுவரில் தொங்கிய எழுத்துப் பலகையை, ஜன்னலை, மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த நூலகக்காரம்மாவை.

"எவ்வளவு தெளிவா இருக்கு!" என்றார். உடனே கையை நீட்டினார். "புத்தகம்?"

அக்கா எடுத்துக் கொடுத்தார். டாக்டர் கடைசி அத்தியாயத்தைப் பிரித்து, பக்கத்தை முகத்துக்கு அருகே பிடித்துப் படித்தார். உதடு அசைந்தது. ஒரு தாள் புரண்டது. இன்னொன்று. பின்னட்டையைத் திருப்பிப் பார்த்தார். திரும்ப முதலிலிருந்து வந்தார்.

"தூக்குல போட்டுட்டாங்க" என்றார்.

"ம்" என்றார் அக்கா.

"விசில் எங்கே?"

அக்கா ஒரே மூச்சில், எல்லா நிறுத்தத்தின் பெயரையும் வரிசையாகச் சொல்வது போலச் சொல்லி முடித்தார். அழக்கூடாது என்றது, ஓரக்கண்ணால் பார்த்தது, பையில் போட்டது, லாக்கர். நூலகக்காரம்மா ஒரு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

டாக்டர் புத்தகத்தை மடியில் வைத்தார். "அப்போ, ஆபரேஷன் நல்லா முடிஞ்சுதுன்னு நீ சொன்னியே..."

"அது சத்தியம்டி!"

"எதை நம்பறது நான்?"

வால் தொண்டையைக் கனைத்தாள்.

"டாக்டர், இப்ப தூக்குல போட்டதைப் படிச்சீங்களே, அதை எந்தக் கண்ணால படிச்சீங்க?"

டாக்டர் கையை எடுத்துத் தன் வலது இமையை மெதுவாகத் தொட்டார். அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் திடீரென்று நிமிர்ந்தார்.

"ஒரு நிமிஷம். அந்தக் காதல் நாவல்?"

"அதுல முடிவுல நான் கையே வைக்கல" என்றார் அக்கா அவசரமாக.

"அப்பாடா."

"நடுவுல... ஒரு ஆளைச் சேர்த்தேன்."

"யாரை?"

அக்கா கூரையைப் பார்த்தார். "கலங்கரை விளக்கத்துல மணி பார்த்துச் சொல்றவர்."

"என்னது!" டாக்டர் எழுந்தே விட்டார். "அவர் புத்தகத்துல இல்லையா? கப்பல் தாமதமா வந்தா திட்டாம, 'பத்திரமா வந்தீங்களே, அது போதும்'னு சொல்வாரே, அவரா? மழையில யாரோ ஒருத்தருக்குத் தன் குடையைக் கொடுத்துட்டு நனைஞ்சுட்டே போவாரே, அவரா? அக்கா! இந்த வருஷம் எனக்குப் பிடிச்ச மனுஷனே அவர்தான்!"

"அந்தக் கதாநாயகன் எதுக்கெடுத்தாலும் பெருமூச்சு விட்டுட்டே இருந்தான். எனக்கு எரிச்சலா வந்துச்சு. அதான் ஒரு நல்ல ஆளை உள்ளே ஏத்தினேன்."

"இப்படி ஒருத்தரை உனக்கு எப்படிக்கா கற்பனை பண்ண வந்துச்சு?"

"எனக்கு ஏதுடி கற்பனை? எங்க டிப்போ டைம் கீப்பர். கலங்கரை விளக்கத்தை மட்டும்தான் நான் சேர்த்தேன். அந்தக் குடைகூட எனக்குக் கொடுத்ததுதான், போன மழையில."

வால் கமாவின் கையை நகம் பதிய அழுத்திக்கொண்டிருந்தாள்.

"அவருக்குக் கல்யாணம்?" என்றார் டாக்டர், மிகவும் சாதாரணமாக.

"ஆகல."

பல் டாக்டர் உட்கார்ந்தார். வலது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, இடது கண்ணில் தெரிந்த புகைமூட்டத்தைச் சிறிது நேரம் பார்த்தார். கையை எடுத்துவிட்டுக் கண் மருத்துவரிடம் திரும்பினார்.

"டாக்டர், இந்தக் கண்ணுக்கு எப்ப நாள் கொடுப்பீங்க? அவரை நான் ஒத்தைக் கண்ணால பார்க்க மாட்டேன்."